குலுக்கல் கம்பவுண்டரும் கன்னிக் கேள்வியும்

ராயபுரத்துக் கடல்கூடச் சில நாள் ஓய்ந்திருந்து பார்த்திருக்கிறேன். குலுக்கல் கம்பவுண்டர் ஓய்ந்து பார்த்ததில்லை. மருந்துப் புட்டிகளைக் குலுக்கிக் குலுக்கி, அவர் கை தானாகவே ஆடும். டீ குடித்தால் பாதி சட்டைக்குப் போகும். ஐம்பதுகளில் அவருடைய டிஸ்பென்சரி மாடியில்தான் நான் குடியிருந்தேன்.

வாய் அதைவிட மோசம். யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்வி: "கன்னின்னா இன்னா நைனா?" கோயிலில் பாரதம் சொல்பவரை மறித்து, "குந்தி புள்ள பெத்தப்புறமும் கன்னின்றியே, அது எப்டி?" என்றார். அவர் கும்பிட்டுவிட்டு ஓடினார். சர்ச் சாமியாரைச் சைக்கிளோடு பிடித்து, "மாதா சரி ஃபாதர். எங்க வூட்டுப் பப்பாளி, ஆண் மரமே இல்லாம காய்க்குதே, அதுவும் கன்னியா?" என்றார். சாமியார் மணியடித்துக்கொண்டே போய்விட்டார்.

அப்புறம்தான் ரோஸம்மா விவகாரம். ஹார்பரில் கிரேன் ஓட்டும் அந்தோணியைக் கட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்கு வந்தவள். மூன்றாம் மாதம் வாந்தி எடுத்தாள். மருத்துவச்சி பார்த்துவிட்டு மாமியாரிடம், "முழுகாமத்தான் கீறா. ஆனா பொண்ணு இன்னும் கன்னிமே!" என்று சொல்லிவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் தெரு இரண்டாகிவிட்டது. ஒரு கட்சி மாதா அற்புதம் என்று அவள் வாசலில் மெழுகுவத்தி ஏற்றி, பிள்ளை வரம் கேட்டுக் குட்டித் தொட்டில் கட்டியது. மறு கட்சி வாய்க்கு வந்ததைப் பேசியது. "எம்புள்ள தொடாம எப்டிமே? ஒங்காத்தா வூட்டுக்கே போ" என்று மாமியார் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தாள். ரோஸம்மா அதன்மேலேயே உட்கார்ந்து அழுதாள். நான் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் மாடியை விட்டு இறங்கவில்லை.

கம்பவுண்டர் புட்டியும் கையுமாக ஹார்பருக்கு ஓடினார். கரி படிந்த சட்டையோடு அந்தோணியை இழுத்துவந்து தெரு நடுவில் நிறுத்தினார்.

"கிட்ட போனியா, போவலியா?"

"போனேண்ணே... வலிக்குதுன்னு அழுதுச்சு. பாவமா இருந்துச்சு, வுட்டுட்டேன்."

"அதுவே போதும்!" கம்பவுண்டர் மாமியார் பக்கம் திரும்பினார். "கதவு சாத்திக்கினு இருந்தா சாரல் உள்ள வராதா? கன்னி கழியாமயும் கரு தங்கும்னு டாக்டர் புக்குலயே போட்டுக்கீது. பெட்டிய உள்ள எடுத்துக்கினு போ!"

மாமியார் மகனைப் பார்த்தாள். "எம்புள்ளதாம்மா" என்றான் அவன், தலை நிமிராமல். அவளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கூட்டத்தில் ஒருவன் விடவில்லை. "அப்போ அவ கன்னியா, இல்லியா? நீதானே கேட்டுக்கினே இருப்பே?"

"அவ அந்தோணி பொண்டாட்டி. பேஜாரு பண்ணாம போய் வேலையப் பாருய்யா!"

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்கவில்லை. மழைக்காலத்தில் பெண் குழந்தை பிறந்தது. ரோஸம்மா முதலில் தூக்கிவந்து கொடுத்தது அவரிடம்தான். டிஸ்பென்சரி வாசலில் அதை ஏந்திக்கொண்டு நின்றார். அந்தக் கை ஆடவே இல்லை. அன்றுதான் நான் மாடியை விட்டு இறங்கிவந்தேன்.