திபெத்துக் கொடியும் செங்கமாரியும்

திங்கட்கிழமை மத்தியானம், தமிழ்க்கடைகள் நிறைந்த பிரெஞ்சுத் தெருவான ரூ காயில் நடக்க இடமில்லை. உணவகங்கள் பூட்டிய நாள்; சேலைக்கடையின் பின்பக்கம் கரிகாலன் செங்கமாரி என்ற மஞ்சள்காமாலையை இறக்கும் நாள். முந்தித் தொலைபேசி அட்டை விற்றவர், இப்போது திபெத்துச் சாமி. திபெத்தை அவர் கண்டது ஒரு கலண்டரில்.

சாமியின் தலைக்குமேல் மஞ்சள் பூவோடு ஒரு கொடி படர்ந்திருந்தது. பீர்க்குச் சாதி. திபெத்து வைத்தியர்கள் இதன் விதையை ஈரல் வருத்தத்துக்குக் கொடுப்பார்களாம். கொடுக்கட்டும். சாமியின் முறை வேறு: விதைத்தூளைக் கையில் பூசி, 'பனிமலைத் தீர்த்தத்தில்' கழுவ வேண்டும். தண்ணீர் மஞ்சளாகும். நோய் இறங்கிவிட்டது! சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

வரதராசா மூன்றாம் முறையாக வந்திருந்தான். உணவகத்தில் பத்து மணித்தியாலம் கோப்பை கழுவுபவன். கண் இரண்டும் மஞ்சள். ஓய்வுநாள் திங்கள் ஒன்றுதான். ஆஸ்பத்திரி ஸ்கானரும் திங்கள், சாமியும் திங்கள். ஆஸ்பத்திரி நேரம் குறித்துக் கொடுத்த இரண்டு றாந்தேவூவைச் சாமிக்காகத் தவறவிட்டான். மூன்றாவது இன்று இரண்டு மணிக்கு. பின்னாலேயே அவன் அக்கா நாகேஸ்வரி வந்து நின்றாள்.

"எழும்படா! பித்தக்குழாய் அடைச்சிருக்காம். இன்னும் விட்டால் ஆள் தப்பாதாம் எண்டு டொக்டர் சொன்னவரெல்லோ?"

"பொறு அக்கா. மஞ்சள் இறங்கிறதைக் கண்ணால பாத்தனான்."

"போன கிழமையும் இறங்கினது. அப்ப கண் ஏன்டா இன்னும் மஞ்சள்?"

"நம்பிக்கை இல்லாட்டிப் பலிக்காது, தங்கச்சி," என்றார் சாமி.

நாகேஸ்வரி விறுவிறென்று வெளியே போனாள். கடை முன்னால் பட்டுச்சேலை கட்டி நின்ற பொம்மையின் வலக்கையைத் திருகிக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"இதைக் கழுவுங்கோ."

"என்ன பகிடியோ?"

சாமி பாத்திரத்தை இழுக்குமுன் அவளே தூளைப் பூசித் தீர்த்தத்தில் முக்கினாள். பிளாஸ்டிக் விரல்களிலிருந்து மஞ்சள் ஒழுகியது. வரதராசாவிடமிருந்து இறங்கிய அதே மஞ்சள்.

"சாமி, இந்தப் பிள்ளைக்கும் செங்கமாரியோ? ஈரல் எங்கை வைச்சிருக்கிறா?" குனிந்து தீர்த்தத்தை மோந்து பார்த்தாள். "சுண்ணாம்புத் தண்ணி! இந்தத் தூளோட சேந்தால் ஆர் கையில பூசினாலும் மஞ்சள்தான் வரும்."

சனம் சிரித்தது. சாமிக்குத் திடீரென்று அவசர வேலை வந்து, பின்கதவால் போனார். வரிசையில் நின்ற புனிதவதி மட்டும் கவலையோடு கேட்டாள்: "அப்ப பொம்மைக்கு எத்தினை தரம் கழுவவேணும்?"

வரதராசா தன் கையைப் பார்த்தான். பொம்மைக் கையையும் பார்த்தான். ஜக்கெற்றை எடுத்தான்.

"அக்கா, இரண்டு மணிக்குப் போய்ச் சேருவமோ?"

"கதையாதை, ஓடு!"

கொடியைக் குறை சொல்லாதீர்கள். அது பாவம், ஏறத்தான் தெரியும். பொம்மையையும் விடுங்கள், அதன் தலை வெறும் கோது. உங்கள் தலைக்குள் ஏதோ இருக்கிறதாமே? ஒருநாளாவது எடுத்துப் பாவியுங்கள்.