அரைச்சுத்து அண்ணனின் ஸ்டியரிங்

உலகத்தில் கார் ஓட்டுகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கலாம். காருக்குத் துடுப்புப் போடுகிறவர் ஒருவர்தான். அவர் குண்டசாலையில், எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருக்கிறார். துடுப்புப் போடுவது மகாவலி ஆற்றில் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல தார் ரோட்டில்.

அவருடைய சொந்தப் பெயர் கோயிலில் ஞானஸ்நானப் புத்தகத்தில் இருக்கும். எங்கள் லேனில் அது யாருக்கும் ஞாபகமில்லை. பெரியவர்களுக்கு அவர் அரைச்சுத்து அண்ணன், சின்னவர்களுக்கு அரைச்சுத்து அங்கிள். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கலியாணம் கட்டாதவர். கட்டாததற்குக் காரணம் கேட்டால் வாசலில் நிற்கும் காரைக் காட்டுவார். சாம்பல் நிறத்தில், ஸ்ரீ நம்பர் போட்ட பழைய இங்கிலீசுக் கார். முதுகு உருண்டை, கண் இரண்டும் முழி. அவரைவிட வயதில் கொஞ்சம் இளையது. நடமாட்டத்தில் கொஞ்சம் மூத்தது.

பெயருக்குக் காரணம் அதன் ஸ்டியரிங். இடது பக்கம் அரைச்சுற்று திருப்பினால்தான் விஷயம் கீழே உருளுகிற சில்லுக்குப் போய்ச் சேரும். பிறகு வலது பக்கம் அரைச்சுற்று. அதனால் நேர் ரோட்டில் போகவும் அவர் கைகள் துடுப்புப் போடுவதுபோல் இடமும் வலமும் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். கார் மட்டும் கோடு போட்ட மாதிரி நேராகப் போகும். வளைவு என்றால் அது வருவதற்கு முந்திய தேத்தண்ணிக் கடையிலேயே திருப்பத் தொடங்கிவிடுவார். சந்தியில் நிற்கும் திரீவீல்காரர்கள் புதிதாக வருகிறவனுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது, "அந்தக் கார் வந்தா கையப் பாக்காத, சில்லப் பாரு" என்பதுதான்.

இதைத் திருத்தினால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். ஏதோ அவர் வீட்டுப் பெண்ணைக் குறை சொன்னதுபோல் முகம் சுருங்கிப்போனார்.

"ஆட்டம் இல்ல தங்கச்சி, அது யோசிக்குது. நாம சொல்றத யோசிச்சுட்டுத்தான் செய்யும். சொன்ன ஒடன திரும்புறதுக்கு அது என்ன, பிரைவேட் பஸ்ஸா?"

கார் நின்றாலும் கை நிற்காது. எங்கள் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து டிவியில் கிரிக்கெட் பார்க்கும்போதும் கைகள் இடமும் வலமும் போய்வரும். பிளேன்டீ கொடுத்தால் பாதி அவருக்கு, பாதி என் சீமெந்துத் தரைக்கு. கோயிலில் செபமாலை சொல்லும்போது மட்டும்தான் அந்தக் கைகள் அடங்கிக் கிடக்கும். மணி ஒன்று விரலிடுக்கில் வந்துவிட்டால் போதும், மனுசன் சிலையாகிவிடுவார்.

ஒருநாள் வாவிக்கரையில் டிராபிக் பொலிஸ்காரர் ஒருவர் அவரை மறித்தார். ரோடு நேராக இருக்க, கை இப்படி ஆடினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? குடித்திருக்கிறாரா என்று பார்க்கப் பலூனை ஊதச் சொன்னார். அண்ணன் ஊதினார். பலூனில் ஒன்றும் இல்லை. பொலிஸ்காரருக்கு மனம் ஆறவில்லை. இறங்குங்கள், நானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு ஏறினார். எல்லாரையும்போல் ஸ்டியரிங்கை ஆடாமல் பிடித்தார். கார் யோசித்தது. யோசித்துவிட்டு நேராக ஒரு செவ்விளநீர்க் குவியலுக்குள் போய் நின்றது. அண்ணன் ஓடிப்போய் கதவைத் திறந்து, "மாத்தயா, கொஞ்சம் ஆட்டணும்" என்றார் பணிவாக. இளநீர்க்காரருக்குச் சமாதானம் சொல்வதற்குள் பொலிஸ்காரருக்கே வியர்த்துவிட்டது. அன்றிலிருந்து இந்தக் கார் தூரத்தில் தெரிந்தாலே அவர் வேறு பக்கம் பார்த்து விசில் ஊதுவார்.

இப்படி நிம்மதியாக ஆடிக்கொண்டிருந்த ஸ்டியரிங்குக்கு என் மகள் ஷெரினின் கலியாணத்தால் ஆபத்து வந்தது.

ஷெரினுக்கு அண்ணன்தான் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்துக்கு அவளைக் கோயிலுக்குக் கொண்டுபோனது அந்தக் கார்தான். அப்போது ஆட்டம் இவ்வளவு இல்லை. இருந்திருந்தால் நான் கையில் பிள்ளையோடு நடந்தே போயிருப்பேன். முதல் நன்மை என்கிற முதல் நற்கருணைக்கு அவளுக்கு வெள்ளைச் செபமாலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். பிள்ளை பிறந்த நாளிலிருந்தே அவர் என்னிடம் சொல்லி வந்தது ஒன்றுதான்: கலியாணத்தன்றும் இவளை நான்தான் கோயிலுக்குக் கொண்டுபோவேன். மற்றவர்கள் பிள்ளைக்கு நகை சேர்த்தார்கள். இவர் காருக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தார்.

ஷெரினும் விடவில்லை. அங்கிளுடைய காரில்தான் போவேன், இல்லாவிட்டால் சேலையைத் தூக்கிக்கொண்டு நடந்து போவேன் என்று நின்றாள். எனக்கோ கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கும் தென்னக்கும்புரப் பாலத்தை நினைத்தாலே கை தானாகச் சிலுவை போட்டது. கீழே ஆறு, எதிரே லொறி, நடுவில் யோசிக்கிற கார்.

ஆகவே நானே போய் முகத்துக்கு நேரே சொன்னேன். "அண்ணே, ஸ்டியரிங்க திருத்துனா நீங்க ஓட்டுங்க. இல்லாட்டி நான் வேன் புடிக்கிறேன்."

கொஞ்ச நேரம் காரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் எங்கள் வீட்டைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தார்.

பிலிமத்தலாவையில் பழைய கார்களுக்கென்றே ஒரு கராஜ் இருக்கிறது. அங்கே எல்லாரும் பாஸ் என்று கூப்பிடும் மெக்கானிக் காரை உயர்த்தி, அடியில் படுத்து, முன்சில்லைப் பிடித்து உலுக்கினார். அவர் உலுக்கிய உலுக்கலில் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். மூட்டுகள் எல்லாம் தேய்ந்திருந்தன. ஸ்டியரிங் பெட்டியைக் கழற்றியபோது உள்ளே இறுக்கிவைத்த பிஸ்கட் டின் தகடுகள் வந்தன. அதற்குப் பின்னால் நீல நிறத்தில் ஒரு ரப்பர் செருப்புத் துண்டும் வந்தது. பாஸ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது எந்தக் கம்பெனிப் பார்ட்ஸ் என்று கேட்டார்.

"அது நல்ல செருப்பு" என்றார் அண்ணன், என் பக்கம் திரும்பி.

ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கிற சொந்தக்காரனைப்போல் பின்னேரம் வரை கராஜ் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். நான் வாங்கிக் கொடுத்த ரோல்ஸையும் தொடவில்லை. புதிய மூட்டுகள் போட்டு, பெட்டியை இறுக்கி, காரை இறக்கிய பிறகு பாஸ் ஒரு விரலால் ஸ்டியரிங்கைத் தொட்டுக் காட்டினார். சில்லு உடனே அசைந்தது. யோசனையே இல்லை. எனக்கு அவரைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

கும்பிடாமல் வந்தது நல்லதாகப் போயிற்று. கராஜ் வாசலைத் தாண்டி கொழும்பு ரோட்டில் ஏறியதும் அண்ணன் வழக்கம்போல் துடுப்புப் போட்டார். கார் இப்போது சொன்னதைக் கேட்டது. இடது கை இழுத்தால் ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குப் போனது, வலது கை இழுத்தால் எதிரே வந்த பஸ்ஸின் முகத்துக்குப் போனது. அண்ணனுக்குப் பயத்தில் கை இன்னும் வேகமாக ஆடியது. பின்சீட்டில் நான் ஒரு கதவிலிருந்து மற்றக் கதவுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹோர்ன் அடித்தார்கள். பேராதனை வருவதற்குள் எனக்குத் தெரிந்த புனிதர்கள் எல்லாரும் தீர்ந்துபோனார்கள்.

ஓரிடத்தில் ஓரமாக நிறுத்திவிட்டு கைகளை மடியில் போட்டுக்கொண்டார்.

"கார் நேராயிருச்சு தங்கச்சி. நான்தான் ஆடிப்போயிட்டேன்" என்றார். "நீங்க வேனே புடிங்க."

கலியாணத்துக்கு ஒரு கிழமை, ஏழே நாள்தான் இருந்தது. அந்த மனுசன் என்னிடம் அதுவரை ஒன்றையும் கேட்டதில்லை. ஆசைப்பட்டது ஒரே ஒரு சவாரி. நான் சொன்னபடி காரைத் திருத்தி, அதனாலேயே அந்தச் சவாரியையும் இழந்துவிட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. என் வீட்டுக்காரர், வேறு யாரையாவது ஓட்டவிட்டு அண்ணன் பக்கத்தில் உட்காரட்டுமே என்றார். அதை அண்ணனிடம் போய்ச் சொல்ல அவருக்கே தைரியம் வரவில்லை.

வழி கண்டுபிடித்தவள் ஷெரின். மறுநாள் காலையில் தன்னுடைய முதல் நன்மைச் செபமாலையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். அவரை இழுத்து வந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்காரவைத்து, மாலையை அவர் விரல்களில் கோத்தாள்.

"சொல்லுங்க அங்கிள்."

அவர் 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினார். கார் நகர்ந்தது. கைகள் அசையவில்லை. லேன் முடிவு வரை கார் நேராகப் போனது.

அந்தக் கிழமை முழுக்க குண்டசாலை ரோடுகளில் செபமாலை கேட்டது. அவர் சத்தமாகச் சொல்ல, ஷெரின் பக்கத்திலிருந்து பதில் சொல்ல, கார் ஊர்ந்து போகும். கண்ணாடிகள் திறந்திருந்ததால் வந்த வினை, முதல் நாளே யாரோ செத்துப்போனார்கள் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. திரீவீல்காரர்கள் இறங்கித் தொப்பியைக் கழற்றினார்கள். பேக்கரி அம்மா கடையைப் பாதி சாத்திவிட்டு காருக்குப் பின்னால் நடக்கத் தொடங்க, இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் வீட்டு வாசலில் கார் நின்று, மணப்பெண் சிரித்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்த பிறகுதான் கலைந்தார்கள். பேக்கரி அம்மா மட்டும், வந்ததற்கு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் போனார்.

கலியாணத்தன்று காருக்கு மல்லிகைச் சரம் கட்டியிருந்தது. வீட்டுக்காரர் முன்சீட்டில், நானும் ஷெரினும் பின்னால். அண்ணன் கோட் போட்டு, மாலையை விரலில் கோத்துக்கொண்டு, "எல்லாரும் பதில் சொல்லணும். யாராச்சும் நிறுத்துனா நான் பொறுப்பில்ல" என்றார். நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பதில் சொன்னோம். தென்னக்கும்புரப் பாலத்தில் எதிரே லொறி வந்தபோது வீட்டுக்காரர் சொன்ன பதில் அக்கரைக்கே கேட்டிருக்கும். சந்திகளில் கை மாற்றித் திருப்பவேண்டி வந்தால் அண்ணன் மாலையை வாயில் கவ்விக்கொள்வார். செபம் அப்போதும் பல்லிடுக்கால் வந்துகொண்டே இருக்கும். வாவிக்கரையில் அந்தப் பொலிஸ்காரர் ஆடாத கைகளைப் பார்த்து விசிலை மறந்து நின்றார். கோயில் வாசலுக்குக் கடைசிச் செபமும் நாங்களும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தோம்.

இறங்கி வந்து ஷெரினுக்குக் கதவைத் திறந்தார். "ஞானஸ்நானத்துக்கும் நான்தான், இதுக்கும் நான்தான்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

பூசை முடிந்து, விருந்தும் முடிந்து, பிள்ளை மாப்பிள்ளை வீட்டாரோடு புறப்படுகிற நேரம் வந்தது. அண்ணன் அந்த வெள்ளைச் செபமாலையை அவள் கையில் வைத்து விரல்களை மூடினார். இது உன்னுடையது, அங்கே வைத்துச் சொல்லு என்றார். வீட்டுக்காரர் பாத்திரங்களோடு லொறியில் போய்விட்டார். நானும் அண்ணனும் மட்டும் காரில் திரும்பினோம்.

ரோட்டில் ஆளில்லை. கார் நடை வேகத்தில்தான் போனது. பாலம் தாண்டியதும் அவருடைய கைகள் மெல்ல ஆடத் தொடங்கின. காரும் இடமும் வலமுமாக அசைந்தது. என் பையில் என்னுடைய செபமாலை இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். கண்ணைத் துடைக்க அவர் கையை எடுக்கவில்லை. அந்தக் கைகளுக்கு அப்போது ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

"ஸ்டியரிங் இன்னும் கொஞ்சம் ஆடுது தங்கச்சி" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன். "நானும் பாத்தேன். இன்னும் கொஞ்சம் ஆடத்தான் செய்யுது."