பீப்பா இல்லாத எஞ்சின்

பதவிக் கதிரை கிடைத்ததும் எனக்கு முதலில் பழுதானது காதுதான். மன்னாரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் பொறுப்பாளராகப் போனபோது எனக்கு முப்பத்தொரு வயது. நான் முருங்கன் வயற்காரன், படித்தது வரலாறு. அங்கே சொல்லிக்கொடுத்ததோ மீன்பிடிப் படகு எஞ்சின் திருத்துவது. (அதனாலென்ன, நிர்வாகம்தானே! நினைப்புக்குக் குறைச்சலில்லை.)

மூன்றாம் கிழமையே கொழும்பிலிருந்து இரண்டு அதிகாரிகள் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. அவர்கள் அனுமதி தராவிட்டால் பயிலும் பதினெட்டுப் பேருக்கும் சான்றிதழ் இல்லை. ஆறு மாத உழைப்பும் வீண். நான் உடனே தலைமைத்துவத்தைக் காட்டத் தொடங்கினேன். சுவருக்கு வெள்ளை அடிப்பித்தேன். தீயணைப்பு வாளிகளில் இருந்த மணலை வெளியே கொட்டிவிட்டு, குரோட்டன் செடி நட்டேன். பட்டறை நடுவில் தாங்கியில் பூட்டிய எஞ்சினின் கால், அதாவது விசிறி சுழலும் கீழ்ப்பகுதி, பாசி பிடித்த தண்ணீர்ப் பீப்பாவுக்குள் நின்றது. கண்ணை உறுத்தியது.

"இந்த அசிங்கத்தைப் பின்னுக்குக் கொண்டு போங்கோ."

போதனாசிரியர் சூசை மாஸ்ரர் கீரிக் கடற்கரைக்காரர், எஞ்சினோடு வளர்ந்தவர். "சேர், அது இருக்க வேணும். ஏனெண்டால்..."

"சொன்னதைச் செய்யுங்கோ மாஸ்ரர்."

அதிகாரிகள் வந்த நாள் காலை அவருடைய சட்டையில் கிறீஸ் கறை இருந்ததால், விருந்துக்கான நண்டுக் கறியைக் கவனிக்கச் சொல்லிக் குசினிக்கு அனுப்பிவிட்டேன். ஆக, என்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே மனிதரையும் நானே அப்புறப்படுத்தியாயிற்று.

"எஞ்சின் ஓடுமோ?" என்று கேட்டார் மூத்த அதிகாரி.

"ஓம்! றெஜினா, கயிற்றை இழுங்கோ."

பயிலுநர்களில் கெட்டிக்காரி அவள். தயங்கினாள். "சேர், பீப்பா..."

"பீப்பாக் கதை வேண்டாம். இழுங்கோ!"

எஞ்சின் உறுமியது. நான் மார்பை நிமிர்த்தினேன். கொஞ்ச நேரத்தில் றப்பர் கருகும் மணம், பிறகு புகை. கடலோரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை: அந்த எஞ்சின் தண்ணீரை உறிஞ்சித்தான் தன் சூட்டைத் தணிக்கிறது. றெஜினா என் உத்தரவுக்குக் காத்திராமல் அதை நிறுத்தினாள். நான் தீயணைப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எஞ்சின் மேல் குரோட்டன் விழுந்தது.

பதினெட்டுப் பேரின் சான்றிதழும் என் வாயால் எரிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் மணம் பிடித்து மாஸ்ரர் அகப்பையோடு ஓடி வந்தார். என்னைப் பார்க்கவேயில்லை. "பிள்ளையள், கழட்டுங்கோ!" அரை மணி நேரத்துக்குள் எஞ்சினின் காலைக் கழற்றி, தண்ணீர் இழுக்கும் றப்பர் சக்கரத்தைப் புதிதாக மாற்றி, பீப்பாவையும் உருட்டி வந்து வைத்தார்கள். றெஜினா மறுபடி இழுத்தாள். தண்ணீர் ஏறுகிறது என்பதற்கு அடையாளமாக எஞ்சினின் பக்கத்தால் மெல்லிய தண்ணீர்க் கோடு பீறிட்டது. அப்பாடா! நான் கைதட்டியே விட்டேன்.

"இதைவிட நல்ல செய்முறைப் பரீட்சை வைக்கேலாது," என்றார் மூத்த அதிகாரி. "அனுமதி தாறம். அடுத்த வகுப்பில உங்களுக்கும் ஒரு இடம் எடுங்கோ."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். நான் உண்மையாகவே சேர்ந்தேன். சூசை மாஸ்ரர் என்னை முன்வரிசை வாங்கில் இருத்தினார்.

கருகிய அந்தச் சக்கரம் இன்று எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில், நான் ஓய்வு பெற்றபோது நிலையத்தார் தந்த பரிசாக இருக்கிறது. போன கிழமை குசினிக்குள் போய், சம்பலை எப்படி அரைக்க வேண்டும் என்று மனைவிக்கு விளக்கத் தொடங்கினேன். அவள் திரும்பவேயில்லை. முன் அறையிலிருந்து, அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த மகள்தான் குரல் கொடுத்தாள்:

"அப்பா, பீப்பா!"

வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். சம்பல் நன்றாக இருந்தது.