கிண்ணென்று இருந்த பாய்மரம்

தட்டிப் பார்ப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. கடையில் பூசணிக்காயை, வாடகைக்குப் பார்க்கப்போன வீட்டில் சுவரை, நின்றுபோன கடிகாரத்தை, காய்ச்சலில் படுத்திருப்பவன் முதுகை, எதைக் கண்டாலும் இரண்டு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்டு, "கிண்ணுன்னு இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஏறிப் பார்ப்பது, கழற்றிப் பார்ப்பது எல்லாம் அவர்களுக்கு ஆகாது. கை இருக்கும்போது கண் எதற்கு?

இந்த இனத்தின் அசல் வாரிசைப் பார்க்க வேண்டுமானால் நம் பல் டாக்டரைப் பாருங்கள். அடுத்தவர் பல்லில் மயிரிழை விரிசல் இருந்தாலும் விடமாட்டார். "வலி வந்தப்புறம் வர்றீங்களே, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டக்கூடாதா?" என்று வாயைத் திறந்து வைத்திருப்பவரிடம் பதில் வேறு எதிர்பார்ப்பார். அப்படிப்பட்டவர், தன் படகின் பாய்மரத்தை வாங்கிய நாளிலிருந்து ஒருவருக்கும் காட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்த் தட்டுவார். அவ்வளவுதான் பராமரிப்பு.

மாமனாரைக் கடலில் ஒரு சுற்று அழைத்துப்போவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். மாமனாருக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம். மாப்பிள்ளை மனம் கோணக்கூடாதே என்று வந்திருந்தார். கிளம்பும்முன் டாக்டரின் மனைவி, பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பியைப் பழந்துணியால் துடைத்தாள். துணி ஓரிடத்தில் சிக்கிக் கிழிந்தது.

"ஏங்க, இங்க பாருங்க. முறுக்குல ஒரு இழை அறுந்து நீட்டிட்டிருக்கு."

"மட்டமான துணி. அதான் கிழியுது."

"மேல எப்படி இருக்கோ? யாரையாவது ஏத்திப் பாக்கலாமே. ஊருக்கெல்லாம் ஆறு மாசம்னு சொல்றீங்க..."

"பல்லு வேற, மரம் வேற!" என்று டாக்டர் பாய்மரத்தை இரண்டு தட்டுத் தட்டினார். "கேட்டியா? கிண்ணுன்னு இருக்கு!"

கரை கண்ணுக்கு மறையும்முன்பே காற்று பாயை அள்ளியது. 'டிங்' என்று ஒரு சத்தம். கம்பி அறுந்தது. பாய்மரம் அவசரமே படாமல், அலுத்துப்போய்க் கட்டிலில் சாய்கிறவரைப்போல ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்தது. பாய் முழுவதும் மாமனார்மேல்.

டாக்டர் தவழ்ந்துபோய்த் துணிக்குள் கைவிட்டுத் துழாவினார்.

"மாமா! மாமா! அடி பட்டிருச்சா?"

உள்ளிருந்து குரல் வந்தது. "இல்ல மாப்ளே. ஆனா அதுக்குள்ள இருட்டிடுச்சே?"

கையில் மாமனாரின் வழுக்கைத்தலை தட்டுப்பட்டதும் டாக்டருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அவ்வளவு பிரியமாக அந்தத் தலையை அவர் அதற்குமுன் தடவியதில்லை.

கயிறு கட்டி இழுத்துப்போக வந்த மோட்டார் படகுக்காரர் டாக்டரிடம் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டவர். பல்லில்லாத இடம் தெரியச் சிரித்தார்.

"டாக்டர், வலி வந்தப்புறம் வர்றீங்களே!"

மறு மாதம் புதுப் பாய்மரம் நின்றது. இந்தத் தடவை டாக்டரின் மனைவியே கயிற்றில் தொங்கும் பலகை இருக்கையில் உட்கார்ந்து உச்சிக்குப் போனாள். கயிற்றைப் பிடித்து ஏற்றியவன் அவள் தம்பி; கணவரிடம் கயிற்றைக் கொடுக்க அவள் சம்மதிக்கவில்லை. உச்சியில் ஒவ்வொரு ஆணியையும் தொட்டுப் பார்த்தாள்.

"ஒரு ஆணிக்கு, அது கழன்டு வராம இருக்கக் கொண்டி மாட்டாம விட்டிருக்காங்க! இப்படியே போயிருந்தா இதுவும் விழுந்திருக்கும்!"

"அப்படியா? இரு, பாக்கறேன்" என்று டாக்டர் கீழேயிருந்து கையை ஓங்கினார்.

"அத்தான்!" என்று மைத்துனன் அலறினான். "மேல அக்கா இருக்கா, தட்டாதீங்க!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஒரு மாதமாக உங்கள் தலைக்குமேல் மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறதாமே. டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துச் சரிசெய்துவிட்டீர்களாமே, உண்மையா?