பெரம்பலூர் தளப்பந்துக் கழகம்: தோற்றமும் ஓட்டமும்

பேஸ்பால் ஆட்டத்தை ஒருமுறைகூட முழுதாகப் பார்க்காத ஒருவன், ஒரு பேஸ்பால் கழகத்துக்கு நிறுவனராகவும் தலைவராகவும் பயிற்சியாளராகவும் இருந்திருக்கிறான். அது நான்தான். (மற்ற ஊர்களில் இதற்கெல்லாம் ஆட்டம் தெரிந்திருக்க வேண்டுமாம்.)

அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் விடுமுறைக்கு வந்தபோது, தன் மகனுக்குச் சிறிதாகிப்போன மட்டையையும் சில கையுறைகளையும் ஒரு பை நிறையப் பந்துகளையும் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். திரும்பும்போது பெட்டியில் பருப்புப்பொடிக்கும் முறுக்குக்கும் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எனக்கோ வரலாறே என் வீட்டுப் பரணைத் தேடி வந்துவிட்டதாகத் தோன்றியது. கல்லூரியில் தமிழ் நடத்துகிறவனுக்கு வரலாற்றில் இடம்பிடிக்க வேறு வழிகள் குறைவு.

உடனே ஆட்டத்தைத் தமிழாக்கினேன். விதிகளைப் படித்தது அதற்குப் பிறகுதான். பேஸ்பால், தளப்பந்து ஆயிற்று. பந்தை எறிகிறவர் எறிஞர். பிடிக்கிறவர் பற்றுநர். மைதானத்தில் அடிக்கிறவன் வரிசையாகத் தொட்டு ஓடவேண்டிய மூன்று மூலைகள் முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம். அவன் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். அந்த இடத்தை ஆங்கிலத்தில் 'ஹோம்' என்கிறார்கள். நான் 'இல்லம்' என்றேன். மூன்றாம் தளத்தில் நிற்பவனை ஓடிவரச் சொல்லும் ஆணை: 'இல்லம் ஏகுக'.

"மூணாந்தளம்னா லிஃப்ட் உண்டா சார்?" என்றான் செல்வராசு. துறைமங்கலத்தில் வீட்டோடு வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். எங்கள் கழகத்தில் உண்மையாகவே ஓடத் தெரிந்த ஒரே ஆள். "அதென்ன சார் ஏகுக? வூட்டுக்கு ஓடுன்னா போதாதா?"

"வூடு என்பது கொச்சை" என்றேன்.

"அப்ப நாங்கல்லாம் கொச்சைலதான் குடியிருக்கமா சார்?"

இப்படிப்பட்ட எதிர்ப்புகளுக்கு இடையில்தான் கழகம் வளர்ந்தது. தட்டி எழுதி வைத்தோம். டீக்கடைக்காரர் அதை நிறுத்தி நிதானமாகப் படித்துவிட்டு, "இது எந்தக் கழகத்துலேர்ந்து பிரிஞ்சது சார்?" என்றார். இல்லத்துக்கு ஒரு பலகையும், தளங்களுக்கு வெங்காய மூட்டைச் சாக்கில் மணல் நிரப்பியும் போட்டோம். சறுக்கி விழுந்து தளத்தைத் தொட்டவன் சாம்பார் வாசனையோடு எழுந்தான்.

மைதானம்தான் சிக்கல். ஞாயிறு காலையில் அது கிரிக்கெட்காரர்களுடையது. அவர்கள் தலைவன் மணிமாறன் ஒருநாள் என்னிடம் தீர்ப்பு சொல்லிவிட்டான். "வெளியூர்ல போயி ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சிட்டு வாங்க சார். ஞாயித்துக்கெழம கிரவுண்டு ஒங்களுக்கு. தோத்துட்டீங்கன்னா அந்த மட்டையத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வரக்கூடாது. எங்க பசங்க பயப்புடுறாங்க."

ஆகவே அரியலூர். அங்கே சிமெண்ட் ஆலைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் ஓர் அணி வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் மணிப்பூர்க்காரன். இந்த ஆட்டத்தை அவன் ஏற்கெனவே ஆடியிருந்தான். அதை நான் நியாயமற்ற செயலாகக் கருதினேன்.

ஆட்டம் தொடங்குமுன் எல்லோருடைய செல்போன்களையும் வாங்கி ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டேன். ஒழுக்கமில்லாத அணி வென்றதாக வரலாறு இல்லை என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். செல்வராசு மட்டும் தயங்கினான். அவன் மனைவி தேன்மொழிக்கு நிறைமாதம்.

"எந்நேரமும் வலி வந்துரும்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க சார். போன் வந்தா..."

"பை என் தோளில்தானே இருக்கிறது. வந்தால் நானே சொல்கிறேன்."

"மறந்துராதீங்க சார்."

"மறப்பேனா?" என்றேன்.

யார் முதலில் அடிப்பது என்பதை டாஸ் போட்டு முடிவு செய்தோம். (கிரிக்கெட் வழியைத் தவிர எங்களுக்கு வேறு வழி தெரியாது.) நாங்கள் இரண்டாவதாக அடித்தோம். எறிஞர் எறிந்ததில் பாதி பற்றுநரைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் போயிற்று. சாலையில் போன சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய புழுதியில் மீதியும் தெரியவில்லை. எப்படியோ, கடைசிச் சுற்றில் இரண்டு அணிகளும் சமம். எங்களில் இருவர் அவுட்; மூன்றாவது ஆளும் அவுட்டானால் சுற்று முடிந்துவிடும். மூன்றாம் தளத்தில் செல்வராசு நின்றான். அவன் இல்லம் சேர்ந்தால் வெற்றி. வெற்றி என்றால் மைதானம்.

பந்து வந்தது. எங்கள் ஆள் கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீசினான். பந்து உயர்ந்து, எல்லோர் தலையையும் தாண்டி, முட்புதருக்குள் விழுந்தது. அதைத் தேடி எடுப்பதற்குள் செல்வராசு நடந்தே வந்திருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து மஞ்சப்பைக்குள் என் போன் அடித்தது. என் மனைவி. பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டேன். "அரியலூர்லதான இருக்கீங்க, ஆண்டிமடம் முந்திரி கெடச்சா அரைக்கிலோ வாங்கிட்டு வாங்க" என்றாள். நான் போனைக் காதில் வைத்தபடியே மூன்றாம் தளத்தைப் பார்த்தேன். செல்வராசு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆணைக்காகக் காத்திருந்தான்.

எத்தனையோ வாரங்கள் நான் திருத்தித் திருத்திப் பழக்கிய தொடர் அப்போது நாக்கில் இல்லை. பதற்றத்தில் மனிதனுக்கு வருவது அவன் அம்மா பேசிய தமிழ்தான்.

"செல்வராசு, வூட்டுக்கு ஓடுடா, சீக்கிரம் வூட்டுக்கு ஓடு" என்று கத்தினேன்.

அவன் முகம் வெளுத்தது. 'இல்லம்' என்றால் மண்ணில் கிடக்கும் பலகை என்று அவனுக்குத் தெரியும். நானே சொல்லிக் கொடுத்திருந்தேன். 'வூடு' என்றால் துறைமங்கலம். அதுவும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஓடினான். அவ்வளவு வேகமாக அவன் பயிற்சியில்கூட ஓடியதில்லை. ஆனால் எதிர்த்திசையில். வேலியைத் தாண்டி, சாலையில் ஏறி, பெரம்பலூர் பக்கம் போன லாரியை மறித்து உள்ளே ஏறிவிட்டான்.

நடுவர் கொஞ்ச நேரம் லாரியையே பார்த்துவிட்டு, "அவுட்" என்றார்.

கூடுதல் சுற்றில் ஓர் ஆள் குறைவாக நின்றோம். மணிப்பூர்க்காரன் அடித்த பந்து, செல்வராசு நிற்க வேண்டிய இடத்தின் வழியாக, அவசரமே இல்லாமல் உருண்டு போயிற்று. தோற்றோம். மறுவாரமே மைதானத்தின் வாசலில் எங்கள் தட்டி திருப்பி வைக்கப்பட்டு, பின்பக்கத்தில் கிரிக்கெட் ஸ்கோர் எழுதப்பட்டது. கழகத்தின் வரலாறு அத்துடன் நிறைவுற்றது. இன்றைக்கும் நான் சாப்பிட வரத் தாமதமானால், என் மனைவி மாடிப்படியின் அடியில் நின்று "இல்லம் ஏகுக" என்கிறாள். என் பிள்ளைகள் என்னை எறிஞர் என்றுதான் குறிப்பிடுகிறார்கள். அறிஞர் என்று காதில் விழுவதாக நானே வைத்துக்கொள்கிறேன்.

ஆட்டம் நடந்த அன்று மாலையே செல்போனைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் செல்வராசு வீட்டுக்குப் போனேன். அவன் குளித்தும் தலையில் சுண்ணாம்புத் தூள் போகவில்லை. நடந்ததை அவனே சொன்னான். உள்ளே ஓடிவந்து, டிவி பார்த்துக்கொண்டிருந்த தேன்மொழியிடமே, "எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க?" என்று கேட்டானாம்.

"யார?" என்றாளாம் அவள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு, என்னால் அவளுக்கு எவ்வளவு அதிர்ச்சி, அணிக்கு எவ்வளவு இழப்பு, பெரம்பலூரில் தளப்பந்தின் எதிர்காலம் என்ன என்றெல்லாம் விளக்கினேன். தேன்மொழி நிறைவயிற்றை ஒரு கையால் தாங்கியபடி காபியை என் முன்னால் வைத்தாள்.

"வுடுங்க சார். கட்டிக்கிட்டு வந்ததுலேர்ந்து இந்த மனுசன் பொழுதோட வூடு திரும்புனது இன்னிக்குத்தான். வாரத்துக்கு ஒரு தடவ இப்புடிக் கத்தி வுடுங்க, போதும். அதுக்குக் கிரவுண்டுகூடத் தேவயில்லயே."