காதால் எஞ்ஜின் பார்ப்பவர்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. காரின் பானெட் எங்கே திறந்தாலும் வந்து நிற்கிற வகை. ஆறாம் மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, கழுவாத கையோடு லிஃப்டில் இறங்கிவிடுவார். மனைவி பெயர் சொல்லி அழைத்தால் கேட்காத அதே காதுக்கு, கீழே பானெட் கொக்கி விடுபடும் சின்னச் சத்தம் மட்டும் எப்படிக் கேட்கிறது? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என் தையல் கடை தேக்காவில், ஒரு அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி இருக்கிறது. ரவிக்கைக்கு ஊக்குப் பட்டி வைத்துத் தைக்கக் கண் முழுவதும் வேண்டியதில்லை. மீதிக் கண்ணால் பார்த்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

இவர் நேராகக் கார் அருகில் வரமாட்டார். முதலில் இரண்டு கார் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மழை வருமா என்று பார்ப்பவர்போல் நிற்பார். பிறகு ஒரு கார் தள்ளி. பிறகு பார்த்தால், உங்கள் தலைக்கும் எஞ்ஜினுக்கும் நடுவில் அவர் தலை. "என்ன ஆச்சு?" என்று கேட்கமாட்டார். "யாரு கை வெச்சது?" என்றுதான் கேட்பார். நீங்கள் எந்த மெக்கானிக் பெயரைச் சொன்னாலும் உதட்டைப் பிதுக்கி, "அதான் பார்த்தேன்" என்பார். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, முகர்ந்து, இரண்டு விரலுக்கிடையே தேய்த்து, அந்த விரலை உங்கள் துணியில் துடைப்பார். தன் கைக்குட்டையை எடுக்கவே மாட்டார். பின் ஒரு "ம்..." வரும். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்க்கும் டாக்டர்கூட அப்படி ஒரு "ம்" போட்டு நான் கேட்டதில்லை.

அடுத்தது, "ஸ்டார்ட் பண்ணு."

கண்ணை மூடிக்கொள்வார். தலை வலப்பக்கம் சாயும். எல்லோரும் பேச்சை நிறுத்த வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் போய்விட்டால், பஸ்ஸை முறைப்பார். கண்ணைத் திறக்கும்போது எஞ்ஜினின் பெயர், பிறந்த ஊர், வளர்ந்த விதம் எல்லாம் வரும்.

எங்கள் புளோக்கில் இந்த வகையின் தலைவர் மாணிக்கம். "கப்பல் எஞ்ஜினையே கேட்டவன் நான்" என்பார். பொய் இல்லை. முப்பது வருஷம் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர்தான். என்ன வேலை என்று அவர் சொல்வதில்லை. ரவிக்கை அளவு கொடுக்க வந்த அவர் மனைவி சொன்னார்: கேன்டீனில். எஞ்ஜின் சத்தம் அங்கேயும் நன்றாகவே கேட்டிருக்கும்.

இந்த வகையில் புதுத் தலைமுறையும் வந்துவிட்டது. மூன்றாம் மாடி பிரேம் காதை நம்புவதில்லை. கைப்பேசியில் சத்தத்தைப் பதிவு செய்து, கார் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிடுவார். ஐந்து நிமிடத்தில் பதினோரு பதில் வரும். ஓட்டு எண்ணி முடிவை அறிவிப்பார்.

இந்த இருவருக்கும் நடுவில் போன வாரம் வந்து மாட்டிக்கொண்டவள் ரபியா.

ரபியாவுக்குச் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. விடியற்காலை ஐந்து மணி ஷிஃப்ட். அந்த நேரத்துக்கு ரயில் கிடையாது, பழைய கார்தான் துணை. அதன் வாட்டர் பம்ப் ஒழுக ஆரம்பித்துவிட்டது. உடன் வேலை செய்யும் தோழி ஒருத்தி அந்த வாரம் ஏற்றிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை முதல் அவளுக்கு விடுமுறை. இன்னொரு தடவை தாமதமாக வந்தால் மாலை ஷிஃப்டுக்கு மாற்றிவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். மாலை ஷிஃப்ட் என்றால், பள்ளிக்கூடம் போகிற மகளைத் தூங்கும்போது மட்டும்தான் பார்க்கலாம். பம்ப்பை மாட்டித்தர மச்சான் ரவூப் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார். அதற்குள் பம்ப் வாங்கி வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் காரில் இருந்தது அந்தக் காரோடு வந்த எஞ்ஜின் இல்லை. முன்பு வைத்திருந்தவர் யாரோ மாற்றியிருக்கிறார். பதிவுத் தாளில் வெறும் இலக்கங்கள்தான் இருந்தன. பக்கத்தில் ஜாலான் புசாரில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் அப்துல் கையூம் புதன்கிழமையே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "கார் பேரு வேணாம் தங்கச்சி. எஞ்ஜின் ஒடம்புலயே நம்பர் குத்தியிருக்கும், முன்னாடி எழுத்தோட. அதைப் பார்த்துட்டு வாங்க, போதும்."

ரபியா வந்து பானெட்டைத் திறந்தாள். கொக்கிச் சத்தம். அப்புறம் என்ன?

"என்னம்மா தேடுறே?" என்றார் மாணிக்கம்.

"எஞ்ஜின் நம்பர், அங்கிள்."

"நம்பரா? நம்பர் எதுக்கு? நான் இருக்கேன்ல! ஸ்டார்ட் பண்ணு."

கண் மூடினார். தலை சாய்ந்தது. பெயர் வந்தது. வியாழக்கிழமை அந்த எஞ்ஜினுக்கான பம்ப்பும் வந்தது. காரில் வெளியே தெரிந்த பம்ப் சக்கரத்தில் நான்கு போல்ட். வாங்கி வந்ததில் மூன்று ஓட்டை.

தப்பு என்று ஒப்புக்கொண்டாரா? சேச்சே. ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "பம்ப் சரிதான்மா. எஞ்ஜின்தான் தப்பு" என்றார்.

பிரேம் கைப்பேசியோடு முன்னால் வந்தார். "அங்கிள், எங்க குரூப்ல ஆறு பேரு ஒரே பேரைத்தான் சொல்றாங்க. மெஜாரிட்டி லா."

"அந்த ஆறு பேர்ல ஒருத்தனாவது எஞ்ஜினைத் தொட்டிருக்கானா?" என்றார், அதுவரை தானும் தொடாதவர்.

வெள்ளிக்கிழமை மெஜாரிட்டி பம்ப் வந்தது. போல்ட் நான்கு இருந்தது, சக்கரம்தான் தோசைக்கல் அளவுக்கு இருந்தது. கையூம் முகம் சுளிக்காமல் திருப்பி எடுத்துக்கொண்டார். "நம்பர் பார்க்கலியா தங்கச்சி?" என்று மட்டும் கேட்டாராம்.

இத்தனைக்கும், அந்த மூன்று நாளும் நம்பரைத் தேடி ஒருவரும் குனியவில்லை. குனிந்தால் சந்தேகம் வந்துவிட்டது என்று அர்த்தமாகிவிடுமே!

எனக்கு எஞ்ஜின் தெரியாது. ஆனால் என் தையல் மெஷினுக்குப் பாபின் பெட்டி வாங்கப் போனால்கூடக் கடைக்காரர் முதலில் நம்பரைத்தான் கேட்பார். மெஷினைச் சாய்த்து அடியில் பார்த்துச் சொல்வேன். இதைச் சொல்லியிருக்கலாம். புதன்கிழமை முதல் நாக்கு நுனியில் வைத்திருந்தேன். அங்கே நின்ற ஆண்களின் முதுகைப் பார்த்ததும் நூலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர்களுக்காவது தெரியாது. தெரிந்தும் பேசாத என்னை எந்த வகையில் சேர்ப்பீர்கள்?

சனிக்கிழமை மூன்றரை மணி. கையூம் ஐந்துக்குக் கடை மூடிவிடுவார். ரபியா என் கடை முக்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"மகக்கிட்ட சொல்லிட்டேன் அக்கா. திங்கக்கிழமையிலேருந்து சாப்பாட்டை நீயே சுட வெச்சுக்கோன்னு."

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ரவிக்கையின் முதுகுப் பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் பார்க்க ஒரு கைக்கண்ணாடி வைத்திருக்கிறேன். அதையும், மெஷினில் பஞ்சு தட்டும் பழைய பல்துலக்கியையும் அவள் கையில் கொடுத்தேன். "கீழே, பின்னால, கண்ணுக்கு எட்டாத எடமா பாரு. என் மெஷின்ல அப்படித்தான் இருக்கும்" என்றேன். அந்த வாரத்தில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

மாணிக்கமும் பிரேமும் காரின் முன்னால் நின்று காதா குரூப்பா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். ரபியா ஓரமாகக் குனிந்து கண்ணாடியை உள்ளே விட்டாள். கியர்பெட்டியோடு எஞ்ஜின் சேரும் இடத்தில், அழுக்குக்கு அடியில் ஒரு சமமான பட்டை. தேய்த்தாள். எழுத்துகள், பின்னால் இலக்கங்கள். கைப்பேசியை நுழைத்துப் படம் எடுத்தாள். நேராகக் கையூம் கடைக்கு நடந்தாள்.

கையூம் படத்தைப் பார்த்தார், இரண்டாவது அடுக்கிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார், கொடுத்தார். அவ்வளவுதானாம்.

நான்கு போல்ட். சக்கரமும் அதே அளவு. பெட்டியின் மேல் இருந்த எஞ்ஜின் பெயரை மாணிக்கம் படித்தார்.

"நான் புதன்கிழமையே சொன்னேன்ல?"

"எங்க குரூப்லயும் ஒருத்தர் சொல்லியிருக்காரு, அங்கிள்! இதோ, ஒன்பதாவது ஆளு!"

ரபியா சிரித்தாள். "நீங்க சரியாத்தான் அங்கிள் சொன்னீங்க. எஞ்ஜினுக்குத்தான் காது கேக்கல."

திங்கட்கிழமை காலை நான் கடை திறந்தபோது அந்த இடத்தில் கார் இல்லை. தரையில் பழைய ஈரக்கறை மட்டும் இருந்தது. அதன் அருகில் மாணிக்கம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. கறையைக் கூர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இது பம்ப் தண்ணி இல்ல, பார்த்துக்க" என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். நான்கு போல்ட் என்று படித்ததுமே, அது இன்ன எஞ்ஜினாகத்தான் இருக்கும் என்று உங்கள் மனத்தில் ஒரு பெயர் வந்ததல்லவா? திரும்பப் புரட்டிப் பாருங்கள். எஞ்ஜின் இருக்கட்டும், காரின் பெயரைக்கூட நான் எங்கேயும் எழுதவில்லை.

பரவாயில்லை, எங்கள் புளோக்குக்கும் ஒரு நாள் வாருங்கள். வரும்போது விரலைத் துடைக்க உங்கள் கைக்குட்டையைக் கொண்டுவந்துவிடுங்கள்.