ஐந்து கட்டமும் ஒரு விசிலும்

ரப்பரைக் கையில் பிடித்தபடி பொன்னுரங்கம் வியர்த்துக் கொட்டினார். எதை அழிப்பது?

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் காஜாவின் ஜெராக்ஸ் கடை. ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, காஜாவின் மகள் ஷாஜாதி அங்கே கதை விளையாட்டு நடத்துவாள். ஆளுக்கொரு வீரனைக் காகிதத்தில் உண்டாக்க வேண்டும். அவனுக்குத் தெரிந்த மொழிகளையும் வித்தைகளையும் எழுத மொத்தம் ஐந்தே கட்டம். நடப்பதை ஷாஜாதி சொல்வாள். பிழைப்பதையும் சாவதையும் பகடை சொல்லும். நான்கு வீரர்களைப் பறிகொடுத்தவருக்கு மேசையில் இடமில்லை.

பொன்னுரங்கம் ஏற்கெனவே மூன்று பேரை அடக்கம் செய்திருந்தார். முதலாமவன் கல்வெட்டு படிக்கத் தெரியாமல் குழியில் விழுந்தான். இரண்டாமவன் மூலிகை என்று எருக்கஞ்செடியைத் தின்றான். மூன்றாமவன் பேயிடம் சௌக்கியமா என்று விசாரித்தான்.

இந்த மேசையும் போனால், அவர் பேச்சைக் கேட்க மிச்சமிருப்பது கோமுகி அணைத் தண்ணீர்தான். முப்பத்தோரு வருஷம் கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து பேசிய வாய். அதைத் தாங்க முடியாமல் ஜனங்கள் பாதி வழியில் இறங்கி நடந்ததால், அந்த ரோட்டில் ஒருவருக்கும் சர்க்கரை வியாதியே கிடையாது. வீட்டில் மனைவி சாலம்மாளுக்கு இரண்டு காதிலும் பஞ்சு.

"அணைக்கு மேல குகையில டிராகன் இருக்குது மாமா. அதோட பாஷை தெரியலன்னா பொரி மாதிரி மென்னுடும்" என்றாள் ஷாஜாதி.

"அஞ்சு கட்டமும் ரொம்பிடுச்சே! பொது மொழி, பூத மொழி, கல்வெட்டு, மூலிகை, பேய்..."

"பூத மொழிய அழிய்யா. கல்வராயன் மலையில பூதம் எங்கருந்து வரப் போவுது?" என்றார் கந்தசாமி. அதே பஸ்ஸின் டிரைவராக இருந்தவர்.

அழித்தார். டிராகன் மொழி ஏறியது. குகை வாசலில் பூதம் நின்றது.

"மூலிகைய அழிங்கண்ணே, ஒடம்பு நல்லாத்தானே இருக்குது?" என்றார் காஜா.

மூலிகை போய்ப் பூத மொழி திரும்பி வந்தது. பேச்சில் மயங்கிய பூதம் அண்டா நிறைய கூழ் கொடுத்தது. வீரனுக்கு வயிற்றைக் கலக்கியது. பேய் வித்தையை அழித்து மூலிகையை எழுதினார். அடுத்த நிமிஷமே ஒரு பேய் வந்து தோளில் குந்தியது. கல்வெட்டை அழித்துப் பேயைச் சேர்த்தார்.

"கதவுல கல்வெட்டு இருக்குது. படிச்சாத்தான் தொறக்கும்" என்றாள் ஷாஜாதி.

"அடப்பாவி! பூதம் வாசல்லியே நிக்குது, வயிறு இன்னும் அடங்கல, பேய் எறங்கல, உள்ள டிராகன். நான் எதத்தான் அழிக்கிறது?"

"பொது மொழிய" என்றார் கந்தசாமி. "நாங்கதான் கூடவே இருக்கோமே, உனுக்கு இன்னா பேச்சு?"

அழித்தார். கல்வெட்டு ஏறியது, கதவு திறந்தது. ஷாஜாதி மெஷினிலிருந்து சூடு ஆறாத ஒரு தாளை எடுத்து வாசித்தாள்.

"பொது மொழி தெரியாத வீரனுக்காக ஆடுறவரு, மேசையில ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா வீரன் காலி."

பொன்னுரங்கத்தின் வாய் திறந்து, காற்றை மட்டும் விட்டு மூடியது. கடையில் மின்விசிறி சத்தம் கேட்டது. அப்படியொன்று அங்கே ஓடுகிறது என்பதே மற்றவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

கதவுக்கு உள்ளே வழி இரண்டாகப் பிரிந்தது, நடுவில் டிராகன். அது சொன்னதை ஒரு சீட்டில் எழுதி ஷாஜாதி பொன்னுரங்கத்திடம் மட்டும் நீட்டினாள். 'இடது பக்கம் புதையல். வலது பக்கம் என் பொண்டாட்டி, மூணு மாசப் பட்டினி.'

"நாம வலது பக்கம் போவோம் பாய்" என்றார் கந்தசாமி.

"எல்லாரும் சேந்தே போவோம்" என்றார் காஜா.

பொன்னுரங்கம் கையை ஆட்டினார். தலையில் அடித்துக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை. நான்காவது வீரனும் சாகப்போகிறான்! சட்டைப் பையைத் துழாவினார். அகப்பட்டது.

பீப்!

ஒற்றை விசில். கந்தசாமியின் வலது கால், அவரைக் கேட்காமலே, மேசைக்கடியில் பிரேக்கை மிதித்தது. டீ டம்ளர் உருண்டது. வலது குகை வாசலில் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். பொன்னுரங்கம் இடது பக்கம் கையைக் காட்டி, இரட்டை விசில் கொடுத்தார். கந்தசாமி கியரைப் போட்டார்.

"இது செல்லாது!" என்று காஜா எகிறினார்.

ஷாஜாதி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "விசில் வார்த்தை இல்லியே அத்தா. செல்லும்."

புதையல் கிடைத்தது, வீரனும் பிழைத்தான். வெற்றிக் கூச்சல் தொண்டை வரை வந்தும், பொன்னுரங்கம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாலேயே சிரித்தார்.

உள்ளேயிருந்து காஜாவின் மனைவி ஆசியா பீவி போனைக் காதில் வைத்தபடி வந்தாள்.

"ஷாஜாதி, நீ எழுதின ரூலு வேலை செஞ்சுதான்னு சாலம்மா அக்கா கேக்குறாங்க, செஞ்சிருந்தா அதையே வூட்டுக்கும் சேத்து எழுதிக் குடுத்துட்டு, போன்லயே கேட்ட அந்த விசில மட்டும் இங்கியே புடுங்கி வெச்சுக்கச் சொல்றாங்க."